பொப்பியும் பூவரசம்பூவும்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாத ஆரம்பம். எங்கள் பாடசாலைக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே சிவப்புப் பொப்பி மலர்களும் கூடவே ஓர் உண்டியலும் இருந்தன. வகுப்பாசிரியர்கள் பிள்ளைகளுக்குப் பூவைக் கொடுத்து, அவர்கள் தருவதை உண்டியலிற் சேர்த்து அதிபரிடம் ஒப்படைக்க வேண்டும். வருடாவருடம் நடக்கும் காரியம்தான். பூவைச் சட்டையிற் குத்திக்கொள்வதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷத்தைத் தவிர அதில் நான் வேறொன்றையும் கவனித்ததில்லை.

எங்கள் பாடசாலை கேகாலை மாவட்டத்தில், இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே, சின்னதொரு கடைவீதியை ஒட்டி இருக்கிறது. கடைத்தெரு முஸ்லிம் பிள்ளைகளும், நாலைந்து மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகளும், தோட்ட லயங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் ஒரே வாங்கில் உட்கார்ந்து படிப்பவர்கள். அன்று பத்தாம் வகுப்பில் பூவைக் கொடுத்துக்கொண்டு போனபோது, மலாய்க் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி பூவைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாள்:

"சேர், இந்தக் காசு யாருக்குப் போகும்? எங்கட உம்மாவுக்கா?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுடைய வாப்பா இராணுவத்தில் கோப்ரலாக இருந்தவர். 2008இல் வன்னியில் மௌத்தானார். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவளுக்குப் பின்வாங்கில் லயத்துப் பையன் ஒருவன், மடித்த இருபது ரூபாத் தாளைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் பக்கத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு ஓடிய குடும்பங்களில் அவனுடைய அத்தை குடும்பமும் ஒன்று. 2009க்குப் பிறகு அவர்களிடமிருந்து கடிதமே வரவில்லை.

"விசாரித்துச் சொல்கிறேன், மகள்" என்றேன். விடை தெரியாத ஆசிரியன் வழக்கமாகச் சொல்வது அது. ஆனால் இந்தமுறை உண்மையிலேயே விசாரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை எண்பத்தைந்து வருடங்களுக்கு முன் ஓர் ஆசிரியை இந்த நாட்டின் பத்திரிகையிலேயே கேட்டிருந்தார் என்பதும், அந்தக் கேள்வியின் கால்தடம் எங்கள் கேகாலைக் கிராமங்கள் வரை வந்து நின்றது என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

* * *

முதலில் பொப்பி மலரின் கதை. முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தின் போர்க்களங்களில், புதைகுழிகளுக்கு மேலே முளைத்த செடி அது. கனடாவின் இராணுவ வைத்தியர் ஜோன் மெக்ரே 1915இல் எழுதிய கவிதையொன்று அந்தப் பூவை உலகறியச் செய்தது. அதை வாசித்து மனமுருகிய மொய்னா மைக்கல் என்ற அமெரிக்க ஆசிரியை, 1918இல் அப்பூவை நினைவுச் சின்னமாக அணியத் தொடங்கினார். அன்னா கெரின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி ஒருபடி மேலே போனார். போரினாற் பாழான பிரெஞ்சுக் கிராமங்களின் பெண்களையும் பிள்ளைகளையும் கொண்டு துணியிற் பொப்பி செய்வித்து, விற்று, அவர்களின் பசி போக்கினார். 1921இல் பிரித்தானியாவில் முதலாவது பொப்பி தினம் அனுஷ்டிக்கப்பட்டது இந்தப் பெண்மணியின் தூண்டுதலினால்தான்.

ஆகவே தொடக்கத்தில் அந்தப் பூ தளபதிகளுக்கானதல்ல, வீட்டுக்கானது. ஆண்மகனைப் போருக்குக் கொடுத்துவிட்டு அடுப்பில் உலை வைக்க வழியில்லாது நின்ற வீடுகளுக்கானது. இதை மனதிற் கொண்டு இலங்கைக்கு வருவோம்.

1914இல் போர் மூண்டதும் இலங்கையிலிருந்து முதலிற் கப்பலேறியவர்களுள் எங்கள் மலைநாட்டுத் தோட்டத் துரைமார் இருந்தார்கள். 'சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்' என்ற தொண்டர் படை, ஐரோப்பியத் தோட்டக்காரர்களை மட்டுமே கொண்டது. அதிலிருந்து 200க்கும் மேற்பட்டோர் 1914 ஒக்டோபரில் எகிப்துக்குச் சென்றனர். 1915இல் கலிப்போலியில் அவர்கள் இறங்கியபோது எதிரே நின்றது உதுமானியத் துருக்கியரின் படை. வேறு வழிகளில் இலங்கையரும் அந்தப் போருக்குப் போனார்கள். சிலர் மீளவில்லை. மீண்டவர்களிற் பலர் வேலையின்றி நின்றார்கள். மாண்டவர்களுக்காகக் கொழும்பு காலிமுகத்திடலில் ஒரு தூபி எழுப்பப்பட்டது. புகழ்பெற்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் லட்யன்ஸ் வரைந்த தூபி அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது அகற்றப்பட்டு, இன்று விகாரமகாதேவிப் பூங்கா என வழங்கும் இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டது.

மாண்டவனுக்குத் தூபி கிடைத்தது. மீண்டவனுக்கு என்ன கிடைத்தது?

நவம்பர் 11ஆம் திகதிதோறும் இலங்கையிலும் பொப்பி விற்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகள் கட்டாயம் வாங்க வேண்டியிருந்தது. சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி கப்பலேறி பிரித்தானியாவுக்குப் போயிற்று. அங்குள்ள முன்னாள் வீரர்களுக்கு அது உதவிற்று. அதே போரில் நின்ற இலங்கையனுக்கு மிச்சம் மீதியே.

இதை முதலில் தட்டிக் கேட்டவர் கலகக்காரரல்லர். அவர் அரசின் படையிலேயே சேவை செய்த முன்னாள் வீரரான ஈலியன் பெரேரா. 1931இல் அவர் பொப்பி இயக்கத்திலிருந்து விலகி, உள்நாட்டு முன்னாள் வீரர்களுக்கென அதே நாளில் வேறொரு பூவை விற்கத் தொடங்கினார். அதுதான் சூரியமல். நம் பக்கத்து வேலிகளில் நிற்கும் பூவரசின் மஞ்சட் பூ. காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது சிவந்துபோகும் பூ. காசு கொடுத்து வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை.

1933இல் தென்கொழும்பு வாலிபர் சங்கத்தினர் அந்த முயற்சியைக் கையேற்றனர். தலைவியாகத் தெரிவானவர் டொரீன் யங் விக்கிரமசிங்க. இங்கிலாந்திற் பிறந்து, இலங்கைக்கு ஆசிரியையாக வந்து, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்தவர். கொழும்பு ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபராக இருந்தவர். அவர் 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் 'பூக்களின் போர்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். தம் நாட்டு வீரன் கைவிடப்பட்டிருக்க, பிரித்தானிய வீரனுக்கென இலங்கைப் பிள்ளைகளைப் பூ வாங்க வைப்பது என்ன நியாயம் என்பதே அதன் சாரம். கேட்டவர் ஓர் ஆங்கிலேயப் பெண். அதிலும் பள்ளிக்கூட ஆசிரியை. என் வகுப்புப் பிள்ளையின் கேள்வியைப் போலவே அதுவும் நேரான கேள்வி: காசு யாருக்கு?

வாலிபர்கள் பூக்கூடையோடு வீதியில் இறங்கினார்கள். சூரியமல்லை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். சேர்ந்த தொகையும் பெரிதல்ல. ஆனாலும் அரசாங்கம் அஞ்சிற்று. வீதியிற் பணம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஒரு மஞ்சட் பூவுக்கு இத்தனை பயம்.

* * *

இனித்தான் கதை எங்கள் ஊருக்கு வருகிறது.

1934இல் பருவமழை பொய்த்தது. மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. தேங்கிய தெளிந்த நீரில் மலேரியா நுளம்பு பெருகிற்று. எப்போதும் மழை பெய்யும் ஈரவலயத்து மக்களுக்கு அந்நோயைத் தாங்கும் சக்தி இருக்கவில்லை. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகமோசமாகப் பாதிக்கப்பட்டன. 1934 பிற்பகுதியிலிருந்து 1935 முற்பகுதி வரையான சில மாதங்களில் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரேசமயத்திற் படுத்துவிட, தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லாத வீடுகள் இருந்தன என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைப் 'பெரிய காய்ச்சல்' என்றுதான் அவர்கள் சொல்வார்கள்.

அப்போது கொழும்பிலிருந்து கேகாலைக் கிராமங்களுக்கு மூட்டையோடு வந்தவர்கள் அந்தப் பூ விற்ற வாலிபர்களே. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா முதலியோர். கொயினா மருந்தோடு வந்தவர்கள், நோயைவிடப் பட்டினியே பெரிதென்று கண்டார்கள். உடம்பில் வலுவில்லாதவனை மருந்து மட்டும் எழுப்பிவிடாது. மாமைட்டை உருண்டைகளாக உருட்டிக் குளிசைபோல் கொடுத்தார்கள். அரிசியும் பருப்பும் பகிர்ந்தார்கள். என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்ற பட்டப்பெயர் வந்தது அப்போதுதான் என்பர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 தேர்தலில் என். எம். பெரேரா ருவன்வெல்லையிலிருந்தும், பிலிப் குணவர்தன அவிசாவளையிலிருந்தும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். வாக்களித்த கைகளிற் பல, அந்தப் பருப்பை ஏந்திய கைகளே.

இவ்வளவும் பெருமைக்குரிய வரலாறு. ஆனால் ஓர் ஆசிரியன் என்ற முறையில் இங்கே ஒரு கோடு கிழித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

சூரியமல்லின் கதை எந்த மனிதனுக்காகத் தொடங்கியதோ, அந்த மனிதன் கதையின் நடுவில் காணாமற்போகிறான். கட்சி வரலாறுகளில் சூரியமல் ஒரு முகவுரை. முன்னாள் வீரர் அந்த முகவுரையின் முதற்பந்தியோடு விடைபெறுகிறார். பிறகு வருவது ஏகாதிபத்தியம், வாலிபர், கட்சி, தேர்தல். ஒருபக்கம் பேரரசு அவனைத் தன் கீர்த்திக்குப் பயன்படுத்திற்று. மறுபக்கம் பேரரசை எதிர்த்தவர்களும் அவனை ஒரு நியாயமாகப் பயன்படுத்தினார்கள். இரண்டு தரப்புக்கும் அவன் தேவைப்பட்டான். அவன் மனைவி என்ன சமைத்தாள் என்று கேட்பது இரண்டு தரப்பின் வேலையாகவும் இருக்கவில்லை. இருந்தும், ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. வீட்டுப்படி ஏறிப் பார்க்கும் பழக்கத்தை அந்த வாலிபர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பூவின் கேள்விதான்.

* * *

அந்த வருட டிசம்பர் விடுமுறையில் அப்பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். வாப்பாவின் படம் சீருடையோடு சுவரில் இருந்தது. அவருடைய தாயார், எண்பதை நெருங்கியவர், என்னை இருத்திவைத்துச் சொன்ன முதல் வார்த்தை: "நாங்க ரெஜிமென்ட் ஆக்கள், மாஸ்டர்."

இதைக் கேட்டதும் அந்த வீட்டின் கதை 2008இல் தொடங்கியதல்ல என்பது விளங்கிற்று. நம் இலக்கிய வட்டத்திலும் பலர் மறந்துவிட்ட கதை அது.

ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் கீழைத்தேயத் தீவுகளிலிருந்தும் படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் கொண்டுவரப்பட்ட மலாய் மக்களை, 1796க்குப் பின் ஆங்கிலேயர் தம் படையில் சேர்த்தனர். குடும்பத்தோடு வந்தால்தான் வீரன் நிலைப்பான் என்று கணக்கிட்டு, பிற்பாடு மனைவி மக்களோடும் ஆட்களை வரவழைத்தனர். 1803 ஜூனில் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தபோது, மலாய்க் கப்டன் நூர்தீன் கண்டி மன்னனின் சேவையில் சேர மறுத்துக் கொல்லப்பட்டார். மன்னனின் மலாய்ப் படைக்குத் தலைவராக மறுபக்கத்தில் நின்ற சங்குங்லோவும் அதே கோவா அரச குடும்பத்தவர். ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் இரண்டு கொடிகளின் கீழ் மாண்டார்கள். யார் யாருக்கு விசுவாசம் என்று இன்று தீர்ப்புச் சொல்வது எளிது. அன்று அந்தக் குடும்பத்துப் பெண்கள் யாருக்காக அழுதிருப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தால், தீர்ப்பு நாவில் நிற்காது.

1827 முதல் அந்தப் படை 'சிலோன் ரைபிள் ரெஜிமென்ட்' எனப்பட்டது. படைமுகாமே மலாய்ச் சமூகத்தின் ஊராயிற்று. அங்கேதான் பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள். அங்கேதான் காவற்கடமை முடிந்த வீரர்கள் ஹிகாயத்துகளைப் பிரதி செய்தார்கள். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் வெளியிட்ட 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகை, அரபு எழுத்தில் மலாய் மொழியைத் தாங்கி வந்தது அந்தச் சூழலிலிருந்துதான். 1873இல் அரசு படையைக் கலைத்தது. ஒரு கையொப்பத்தில் சம்பளம் போயிற்று, குடியிருப்புப் போயிற்று, ஒரு மொழியின் வாசகர் வட்டம் சிதறிற்று. ஆண்கள் பொலிசுக்கும் சிறைச்சாலைக் காவலுக்கும் தீயணைப்புப் படைக்கும் போனார்கள். சிலர் தோட்டங்களுக்கு வந்தார்கள். பேராசிரியர் பீ. ஏ. ஹுஸைன்மியா 1990இல் வெளியிட்ட 'ஓராங் ரெஜிமென்' என்ற ஆய்வு இல்லையென்றால், இதில் எவ்வளவு நமக்கு எஞ்சியிருக்கும்?

அந்த மூதாட்டியின் தகப்பனார் எங்கள் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் கண்டக்டராக இருந்தவர். அவருடைய பாட்டனார் ரெஜிமென்ட்காரர் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்கள். பெட்டியில் பதக்கம் எதுவும் இல்லை. அந்த ஒரு சொல்தான் இருக்கிறது: ரெஜிமென்ட்.

* * *

இன்றைய நிலை என்ன என்றும் விசாரித்தேன். இன்று விற்கப்படும் பொப்பியின் பணம் கப்பலேறுவதில்லை. முன்னாள் படைவீரர் சங்கத்தின் மூலம் இந்நாட்டு வீரர்களின் நலனுக்கே செல்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் ரணவிரு சேவா அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. ஈலியன் பெரேரா கேட்ட பாதிக் கேள்விக்குக் காலம் பதில் சொல்லியிருக்கிறது.

மறுபாதி இன்னும் இருக்கிறது. மாதாமாதம் சம்பளம் வருகிறது என்று அந்தத் தாய் நன்றியோடுதான் சொன்னார். "காசு வருது சேர், அதில குறை சொல்ல ஏலாது. ஆனா பத்து வருஷமா இந்தப் படிக்கு ஒருத்தரும் வந்து அவர் எப்படி ஆள் எண்டு கேட்டதில்ல. புள்ளைக்குச் சொல்லிக் குடுக்க என்னட்ட மட்டும்தான் கதை இருக்கு."

சில மாதங்கள் கழித்து, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள். அதற்குப் பிந்திய வாரங்கள் எப்படியிருந்தன என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாய் ஓர் அலுவலக வாசலில், அபாயாவோடு வரிசையில் நின்றதற்காக வெளியே அழைக்கப்பட்டார். கைப்பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். கொட்டிய பொருட்களில் கணவனின் படம் இருந்தது, சீருடையோடு. பார்த்தவர் ஒன்றும் பேசாமல் படத்தை எடுத்துக் கையிற் கொடுத்தாராம். "அவர் மன்னிப்புக் கேட்கல்ல. ஆனா படத்த ரெண்டு கையாலயும் தந்தார்" என்றார் அந்தத் தாய்.

1996 ஜூலையில் முல்லைத்தீவில் வீழ்ந்த சிறப்புப் படையணித் தளபதி பஸ்லி லாபிருக்கு நாட்டின் அதியுயர் வீரவிருதான பரம வீர விபூஷண வழங்கப்பட்டது. இராணுவப் புலனாய்வுத்துறை அதிகாரி துவான் நிசாம் முத்தலிப் 2005 மே 31இல் கொழும்பிற் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்தப் பெயர்களை நாங்களும் இந்த மண்ணுக்குரியவர்கள் என்பதற்குச் சாட்சியாக அந்நாட்களில் நம்மவர் மேடைகளிற் சொல்லக் கேட்டேன். சொல்ல வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மாண்டவனை நம் விசுவாசத்துக்கான அத்தாட்சிப் பத்திரமாக நீட்டும்போது, நாமும் அந்தப் பழைய இரு தரப்பினர் செய்ததையே செய்கிறோமோ என்று எனக்குள் ஒரு கூச்சம் எழுந்தது. அவர்கள் வீடுகளுக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

இன்னொன்று. என் வகுப்பில் அந்தப் பையனும் இருக்கிறான். வீரனின் வீட்டைக் கௌரவிப்பதற்கு, சீருடையின்றி மாண்ட அவனுடைய அத்தையை நான் மறக்க வேண்டுமென்றால், அந்தக் கௌரவத்தில் ஏதோ பிழை இருக்கிறது. துக்கம் பங்கு போட்டுக் குறைத்துக்கொடுக்கும் சாமான் அல்ல. ஒரு வீட்டுக்குக் கொடுத்ததால் இன்னொரு வீட்டுக்கு இல்லாமற் போகாது.

2019 நவம்பரில் மீண்டும் பெட்டி வந்தது. இம்முறை பூவைக் கொடுக்க முன்னர் ஒரு பாடவேளை முழுவதும் இந்தக் கதையைச் சொன்னேன்: அன்னா கெரின் துணியிற் பூச்செய்வித்ததை, ஈலியன் பெரேராவை, டொரீன் அம்மையாரை, பருப்பு மூட்டையை, ரெஜிமென்ட் கலைந்ததை. கடைசியில் அப்பிள்ளையைப் பார்த்து, "போன வருஷம் நீ கேட்டதற்கு இதுதான் பதில். காசு இங்கேதான் போகிறது. கதை மட்டும்தான் போகவில்லை. விருப்பமென்றால் வாப்பாவைப் பற்றி நீயே சொல்" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். வாப்பா லீவில் வரும்போது கித்துள் கருப்பட்டி வாங்கிவருவார் என்றும், இரவில் மலாய்ப் பாட்டுப் படிப்பார் என்றும், மூக்கினால் மூச்சுவிடும் சத்தம் பெரிதாகக் கேட்கும் என்றும் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். போரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவள் உட்கார்ந்ததும் பின்வாங்குப் பையன் கையை உயர்த்தினான்.

"சேர், நானும் எங்க அத்தையப் பத்திச் சொல்லவா?"

மணி அடித்துவிட்டது. இருந்தாலும் யாரும் எழும்பவில்லை. "சொல்லு தம்பி" என்றேன்.